99 சென்ட்ல போட்ட ஏலம் 4 டாலர் தாண்டல – ஆம்பூர் தோல் வாலட், ஈபே – எங்க தப்பு?

சத்துவாச்சாரி_வாலட்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரில வீட்ல இருந்தே ஈபேல வெளிநாட்டுக்கு தோல் பொருள் விக்கிறேன், ரெண்டு மாசம் ஆச்சு. ஆம்பூர்ல ஆட்டுத்தோல் வாங்கி இங்க தைக்கிறோம். வாலட் ஒண்ணு அடக்கம் 450 ரூபா, பேக்கிங் 35. ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்), ஜிஎஸ்டி, எல்யூடி (ஜிஎஸ்டி கட்டாம ஏற்றுமதி பண்ண எழுதிக் குடுக்கிற உறுதிக் கடிதம்) மூணும் இருக்கு. பணம் பேயோனியர்ங்கிற பணம் அனுப்புற சேவை வழியா வருது.

இதுவரை 11 ஏலம். எல்லாமே 99 சென்ட்ல ஆரம்பம், 7 நாள், ராத்திரி 9 மணிக்கு போடுவேன். பாதிக்கு மேல ஒரே ஒரு பிட் (விலை கேட்பு). அதிகமா போனதே 4 டாலர். ரெண்டு பேர் ஜெயிச்சும் பணம் கட்டல. ஒருத்தர் பூசணம் பூத்திருக்கு, வாடை வருதுன்னு போட்டோ அனுப்பி பணத்தை திருப்பிக் கேக்கறார். இதுல கூரியர்ல 90 கிராம் வாலட்டுக்கு 2 கிலோ காசு வாங்கினாங்க.

தம்பி ஐடில இருந்து பிட் போட்டு விலையை ஏத்தலாமா? வீட்ல தாத்தா காலத்து வெள்ளி ரூபா கொஞ்சம் இருக்கு, அதையும் ஏலத்துல விடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காட்பாடி_ஏற்றுமதி

தம்பி, முதல்ல நேரத்தைப் பாருங்க. 7 நாள் ஏலம் ஆரம்பிச்ச அதே நேரத்துலதான் முடியும். நம்ம ஊர் ராத்திரி 9 மணின்னா அமெரிக்க மேற்குக் கரைல காலை எட்டரை, கிழக்குக் கரைல பதினொன்றரை. ஆபீஸ் நேரம். ஏலத்துல விலை ஏறுறது கடைசி நிமிஷங்கள்லதான். அந்த நேரத்துல வாங்குறவர் போனைக் கையில வெச்சிருக்கணும். ஞாயிறு சாயங்காலம் அவங்க வீட்ல இருப்பாங்க. நமக்கு அது திங்கள் காலை 6:30. மேற்குக் கரைல ஞாயிறு 6, கிழக்குல 9. அந்த நேரத்துக்கு ஷெட்யூல் பண்ணுங்க.

ஆனா நேரத்தை மாத்தினா மட்டும் போதாது. ஒரே பொருள் ரெண்டு பேருக்கு வேணும்னாதான் ஏலம் ஏறும். இந்த வாரம் தோத்தா அடுத்த வாரம் அதே வாலட் 99 சென்ட்ல வரும்னு தெரிஞ்சா எவன் போட்டி போடுவான்? திரும்பத் திரும்பத் தைக்கக்கூடிய வாலட்டை நிலையான விலைக்குப் போடுங்க. ஒரே ஒரு தோல் மிச்சத்துல தைச்சது, திரும்பக் கிடைக்காத நிறம், மரப்பட்டை போட்டுப் பதப்படுத்துன தோல்ல செஞ்ச ஒத்தைப் பொருள், இதெல்லாம்தான் ஏலச் சரக்கு. அந்தப் பக்கத்துலயே உங்க கடை லிங்க் தெரியும், அதைப் பார்த்து நிலையான விலைப் பொருள் நகரும்.

ஆரம்ப விலைக்குக் கணக்கு இதான். தளக் கட்டணம் பொருள் விலைக்கு மட்டும் இல்ல, வாங்குறவர் கட்டுற தபால் செலவையும் சேர்த்த மொத்தத்துக்கு. அதை நிறைய பேர் விட்டுடறாங்க. கட்டணமும் டாலர் மாத்துற செலவும் சேர்த்து 18 சதவீதம்னு உதாரணத்துக்கு வெச்சுக்குங்க, தபால் 900 ரூபா. உங்க கைக்கு வரவேண்டியது 450 + 35 + 900 = 1,385. 18 போக மிச்சம் 82 சதவீதம்தான் கைக்கு வரும், அதனால அதை 0.82-ஆல வகுத்தா 1,689. தபால் 900 போக 789. டாலர் 90 ரூபான்னா 8 டாலர் 77 சென்ட். இதுக்குக் கீழ ஆரம்பிச்சா ஒவ்வொரு விற்பனையும் கைநஷ்டம். 8.99-ல ஆரம்பிங்க, லாபம் அதுக்கு மேல. ரிசர்வ் விலை (இதுக்குக் கீழ விக்க மாட்டேன்னு மறைச்சு வைக்கிற விலை) வைக்காதீங்க, விக்காட்டியும் அதுக்குத் தனிக் கட்டணம்.

தம்பி ஐடி விஷயம்: கூடவே கூடாது. சொந்தக்காரங்க, நண்பர்கள் யார் பிட் போட்டாலும் ஷில் பிட்டிங்தான், அதாவது விலையை ஏத்தப் போடுற போலி பிட். மாட்டினா கணக்கை முடக்குவாங்க. அதோட அது ஒரு நேர்மையான வாங்குபவரை ஏமாத்துற வேலை.

பணம் கட்டாதவரை 4 நாள் கழிச்சு, வாங்குபவர் பணம் கட்டலன்னு காரணம் போட்டு ரத்து பண்ணுங்க. ‘ஸ்டாக் இல்ல’ன்னு போட்டா தப்பு உங்க தலைல விழும். ரெண்டாவதா கேட்டவர் தொகை உங்க அடக்கத்தைத் தாண்டினா அவர் கேட்ட விலைக்கே தர்றோம்னு செகண்ட் சான்ஸ் ஆஃபர் அனுப்பலாம்.

தோல்_கைவேலை

பூசணம் வந்த பார்சலுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க, வாதாடாதீங்க. வாங்குனவர் கேஸ் திறந்தா ‘சொன்னபடி இல்ல’ன்னு அவர் பக்கம்தான் போகும்.

காரணம் பெரும்பாலும் பாலிதீன்தான். மழைக்காலத்துல வாலட்டைத் தைச்ச அன்னைக்கே கவர்ல போட்டு மூடினா, தோல்லயும் பசையிலயும் இருக்கிற ஈரம் உள்ளயே நிக்கும். ஈரப்பதம் 70 சதவீதம் தாண்டி மூடிக் கிடந்தா பூசணம் வரும், பார்சல் ரெண்டு மூணு வாரம் வழியில இருந்தா கேக்கவே வேணாம். தைச்சதும் ரெண்டு நாள் நிழல்ல, ஃபேன் காத்துல திறந்து வைங்க. வெயில்ல வைக்காதீங்க, விறைச்சு நிறம் போகும். அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, 5 கிராம் சிலிக்கா ஜெல் ஒண்ணு கார்டு அறைக்குள்ள, இன்னொண்ணு வெளிய, கடைசியா கவர். ஜெல் பாக்கெட்டை மூடின டப்பால வைங்க. மேஜைல திறந்து கிடந்தது ஏற்கனவே ஈரம் குடிச்சிருக்கும், அதைப் போட்டுப் பிரயோஜனம் இல்ல. நிறம் மாறுற வகைன்னா நீலம் ரோஸ் ஆனதைப் போடாதீங்க.

வெஜ் டேன்னு (மரப்பட்டை போட்டுப் பதப்படுத்துன தோல்னு) எழுதறதுக்கு முன்னாடி தோலை வெட்டி ஓரத்தைப் பாருங்க. சாயம் நடுவரை ஏறாத தோல்ல, வெட்டின முகத்துல நீலம் கலந்த சாம்பல் கோடு தெரிஞ்சா அது குரோம், அதாவது குரோமியம் உப்புல பதப்படுத்துனது. பட்டைத் தோல்னா பழுப்பா இருக்கும். சந்தேகம்னா ஒரு துணுக்கை எரிச்சுப் பாருங்க, குரோம்னா சாம்பல் பச்சையடிக்கும்.

போட்டோல தையல் ஓரம், உள் அறை, ஏதாவது கீறல் இருந்தா அதுவும், பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க. தலைப்புல 80 எழுத்து இடம் இருக்கு. ‘அழகான’, ‘சூப்பர்’னு வீணாக்காம ஆட்டுத்தோல், பைஃபோல்ட் (ரெண்டா மடிக்கிறது), எத்தனை கார்டு, நிறம்னு வரட்டும்.

இன்னொண்ணு, ஆம்பூர் பக்கம் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பீஸ் மலிவா கிடைக்கும். வெளிநாட்டு பிராண்ட் முத்திரை இருந்தா தொடாதீங்க. அந்த கம்பெனி புகார் கொடுத்தா விளம்பரம் போகும், அப்புறம் கணக்கே போகும்.

தபால்_பக்கம்

கூரியர்காரர் 2 கிலோ போட்டது பெட்டிக்கு. செருப்புப் பெட்டில அனுப்பினீங்களா? 34 × 22 × 13 செ.மீ பெட்டின்னா பெருக்கி 5000-ஆல வகுத்தா 1.94 கிலோ. எடையும் கன அளவும் எது அதிகமோ அதுக்குத்தான் காசு. வாலட்டுக்கு 14 × 12 × 4 போதும், 0.13 கிலோதான் வரும்.

தபால்ல அனுப்ப டாக் கர் நிர்யாத் கேந்திரா (தபால் துறையோட ஏற்றுமதி மையம்) தளத்துல பதிவு பண்ணி, தபால் ஏற்றுமதிப் பட்டியலை ஆன்லைன்லயே போடலாம். எச்எஸ் கோடு (சுங்கத்துக்கான பொருள் வகை எண்) வாலட்டுக்கு 4202 31, பெல்ட்டுக்கு 4203 30. ‘கிஃப்ட்’னு எழுதவோ விலையைக் குறைச்சுக் காட்டவோ வேணாம். அமெரிக்கால 800 டாலருக்குள்ள வரி இல்லைன்னு இருந்த சலுகை 2025 ஆகஸ்ட்ல முடிஞ்சுது, அதனால வரி யார் கட்டுறதுன்னு விளம்பரத்துலயே தெளிவா எழுதுங்க. ஐஇசியை வருஷா வருஷம் ஏப்ரல்–ஜூன்ல புதுப்பிக்கணும், எல்யூடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசு.

நாணயப்பெட்டி

வெள்ளி ரூபால வருஷம் பாருங்க. நூறு வருஷம் ஆனது எதுவும் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள்தான், நாணயமும் சேர்த்தி. விக்டோரியா, எட்வர்ட் தலை போட்டது எல்லாமே அதுல வரும். ஐந்தாம் ஜார்ஜ்ல பழைய வருஷங்களும் வரும். தனியார் அதை நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. தண்டனை குறைஞ்சது 6 மாசம், 3 வருஷம் வரை சிறை. இதுல ஆசைப்படாதீங்க, பெட்டில வையுங்க.

சத்துவாச்சாரி_வாலட்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். செருப்புப் பெட்டிதான், சரியா சொன்னீங்க. வெட்டின ஓரம் பார்த்தேன், சாம்பல் கோடு இருக்கு. வெஜ் டேன்னு போட்டதை எடுத்துடறேன். இப்ப ஓடுற 3 ஏலத்தை என்ன பண்றது? ஒண்ணுல 2 டாலர் பிட் இருக்கு, மத்த ரெண்டும் காலி. நாலு நாள் மிச்சம்.

காட்பாடி_ஏற்றுமதி

காலியா இருக்கிற ரெண்டையும் இப்பவே முடிச்சுட்டு 8.99-ல திங்கள் காலைக்கு ஷெட்யூல் பண்ணுங்க. பிட் விழுந்ததைத் தொடாதீங்க. 2 டாலருக்கே போனாலும் நல்லா காய வெச்சு, ஜெல் போட்டு, டிராக்கிங்கோட அனுப்புங்க. அதுலயும் வெஜ் டேன்னு எழுதியிருந்தா அது குரோம்னு அவருக்கு இன்னைக்கே மெசேஜ் போட்டுடுங்க, வேணாம்னா பிட்டை வாபஸ் வாங்கிக்கட்டும். அப்புறம், நான் சொன்ன 6:30 அமெரிக்கால கோடை நேரம் இருக்கிற வரைக்கும்தான். நவம்பர் முதல் ஞாயிறு அன்னைக்கு அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அன்னைல இருந்து 7:30-னு வைங்க.