ஆச்சி வீடு, மும்பை (குடும்ப வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு, மாலை 5.10

செம்பூர் சித்தப்பா: எல்லோரும் வீடு சேர்ந்தாச்சா? சினிமா டிக்கெட் 11, ஒன்று 380 ரூபாய். மொத்தம் 4,180. பாப்கார்ன் என் கணக்கு, அதைப் பேச வேண்டாம். நாளைக்குள் ஜிபே செய்துவிடுங்கள்.

செல்வி: மெகா பிளாக், தண்டவாள வேலை. ரயிலில் தாணேயில் நிற்கிறோம்.

முத்து: ஆச்சி டிக்கெட்டும் சேர்த்தா?

சித்தப்பா: ஆச்சிக்கு நான்.

சயான் பெரியப்பா: ஆச்சிக்கு நான்தான். மூத்தவன் இருக்கும்போது நீ என்ன?

அத்தை: அது இருக்கட்டும். படம் எப்படி என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே. காரிலும் கப்சிப்.

கார்த்தி: ஒளிப்பதிவு நன்றாக இருந்தது.

அத்தை: அப்போ படம் நன்றாக இல்லை.

சித்தப்பா: அவசரப்படாதீர்கள். இது பொறுமையாகப் பார்க்க வேண்டிய படம். எல்லாப் பத்திரிகையும் கொண்டாடுகிறது. வெளிநாட்டு விழாவில் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார்கள். அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்தது, படுத்துவிட்டது. இப்போது டிவியில் போட்டால் நம் வீட்டில் யார் சேனலை மாற்றுகிறீர்கள்? நல்ல படம் நமக்குப் பிடிக்க நாளாகும். அதுவும் நம்ம டைரக்டர் சும்மா எடுக்கமாட்டார். பாதிக் கதை அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

முத்து: அன்பே சிவத்தை அப்போது யாரும் பார்க்கவில்லை, பிறகு புகழ்ந்தார்கள். இதை வருவதற்கு முன்னாலேயே புகழ்ந்துவிட்டார்கள் சித்தப்பா. தலைகீழ்.

செல்வி: அவருடைய முதல் படத்தை நாலு தடவை பார்த்தவள் நான். அதில் ஒருவர் பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று நமக்குத் தெரியும். இதில் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அவ்வளவுதான்.

செல்வி: ரயிலும் அப்படித்தான் இருக்கிறது.

கார்த்தி: அஸ்வினிக்குப் பிடித்ததாம்.

அத்தை: அவள் மராத்தி. சப்டைட்டிலில் வேறு கதை ஓடியிருக்கும்.

கார்த்தி: அத்தை, அவளும் குழுவில்தான் இருக்கிறாள்.

அத்தை: அவளுக்குத் தமிழ் படிக்க வராதே?

கார்த்தி: நான் படித்துக் காட்டுகிறேன்.

முத்து: ஆச்சி சொல்வதை அப்படியே அடிக்கிறேன். "அந்தப் பிள்ளை கால் மணி நேரம் பாத்திரம் கழுவினாள். ஒரு பாத்திரமாவது விளங்கிச்சா?"

சித்தப்பா: ஆச்சிக்கு அடிதடி இருந்தால்தான் படம்.

பெரியப்பா: தப்பு. உதிரிப்பூக்கள் 1979-ல் வந்தது. அதுவும் மெதுவான படம்தான், புதுமைப்பித்தன் கதை. கடைசியில் ஆற்றங்கரையில் ஊரே வந்து நிற்கும்போது நம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடிதடியா அது?

சித்தப்பா: எனக்கு நினைவில்லை.

பெரியப்பா: நீ தூங்கிவிட்டாய். இன்றைக்கும்தான்.

முத்து: ஆதாரம் இருக்கிறது. போட்டோ போடவா?

சித்தப்பா: கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா: 1987-ல் நாயகன் வந்தபோது நாங்கள் தாராவியில், 90 அடி சாலையில் குடியிருந்தோம். படத்தைப் பார்த்துவிட்டு எந்தச் சந்து, எந்தச் சந்து என்று ஒரு வாரம் தேடினோம். பிறகுதான் தெரிந்தது, சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட் என்று. அதற்குத் தேசிய விருதும் கொடுத்தார்கள். எங்களை ஏமாற்றினார்கள், ஆனால் சந்தோஷமாக ஏமாந்தோம். அந்த வீட்டை மட்டும் விற்காமல் இருந்திருந்தால் இன்று மறுசீரமைப்பில் 350 சதுர அடி வந்திருக்கும்.

அத்தை: அண்ணே, வேண்டாம்.

பெரியப்பா: விற்றது நானா?

கார்த்தி: நான் 760 அனுப்பிவிட்டேன் சித்தப்பா, எங்கள் இரண்டு பேருக்கு.

முத்து: வந்ததா பாருங்கள் சித்தப்பா.

சித்தப்பா: வந்தது.

சித்தப்பா: வீடு பற்றி நேரில் பேசலாம்.

அத்தை: சரி, அடுத்த மாதம் ஆச்சிக்கு 80. அன்றைக்குப் படம் என்று யாரும் கிளம்பாதீர்கள். சாப்பாடு மட்டும் போதும். மாட்டுங்கா ஓட்டலிலா, வீட்டிலா?

முத்து: மாட்டுங்கா.

பெரியப்பா: வீட்டில். என் வீட்டில்.

அத்தை: உங்கள் வீட்டில் 20 பேர் எங்கே உட்காருவது?

கார்த்தி: ஆச்சியைக் கேட்கலாமே?

முத்து: ஆச்சி தூங்கியாச்சு. இது நிஜத் தூக்கம்.

செல்வி: ரயில் நகர்கிறது. முதல் படத்தை இன்று ராத்திரி மறுபடி பார்க்கப் போகிறேன். கோபம் தீர வேண்டும்.

சித்தப்பா: இரண்டாம் தடவை பார்த்தால்தான் புரியும் என்று எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமை மதியக் காட்சிக்குப் போகிறேன். யாராவது வருகிறீர்களா?

மாலை 6.25

சித்தப்பா: யாராவது?

அத்தை: பாப்கார்ன் யார் கணக்கு?