மணலில் ஓடினால் போதுமா, எடையும் தூக்கணுமா?

உச்சிப்புளிக்காரன்:
காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தினமும் 3 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன், தேதி நெருங்குகிறதே என்று இரண்டே வாரத்தில் 8 ஆக்கிவிட்டேன், அதுவும் அரியமான் கடற்கரை மணலில். இப்போது காலையில் பாயை விட்டு எழுந்து பத்து அடி வைப்பதற்குள் குதிகாலுக்கு மேல் உள்ள நரம்பு சுண்டி இழுக்கிறது. ஜிம்முக்குப் போ என்கிறான் நண்பன். எடை தூக்கினால் கால் கனத்துவிடும் என்கிறார் பயிற்சியாளர். யார் பேச்சைக் கேட்பது?

கரைவலை:
பயிற்சியாளர் சொல்வதைக் கேள் தம்பி. என் அப்பாவும் சித்தப்பாவும் கரைவலை இழுத்தவர்கள். இடுப்பில் கயிற்றை மாட்டி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னுக்கே நடப்பார்கள். அறுபது வயதிலும் ஆடுசதை கல் மாதிரி இருக்கும். எந்த ஜிம்மைப் பார்த்தார்கள்? மணலில் ஓடு, கால் தானாக இறுகும்.

பாம்பன் மருமகள்:
அண்ணே, நீங்கள் சொன்னதே எடைப்பயிற்சிதான்! வலை நிறைய மீனும் தண்ணீருமாக இழுத்தவர்களுக்குத் தனியாக ஜிம் எதற்கு? தம்பி வலை இழுக்கவில்லையே, சுமை எதுவும் இல்லாமல் ஓடுகிறார். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு காலில் இறங்கும். உதிரி மணலில் ஓட, கெட்டித் தரையைவிடச் சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். குதிகால் புதையும்போது அந்த நரம்பு, அதாவது ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண், கூடுதலாக இழுபடும். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். நான் பிசியோதெரபி படித்தவள். கால் கனத்துவிடும் என்பதெல்லாம் பயம்தான். ஓடிக்கொண்டே எடையும் தூக்கியவர்களுக்கு உடல் எடை பெரிதாக ஏறவில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

கரைவலை:
ஆய்வா? எடைப்பயிற்சி காயத்தை மூன்றில் ஒரு பங்காக்கும் என்று 2014-இல் வந்த ஒன்றைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். நானும் படித்தேன். அதில் கால்பந்து ஆடுபவர்கள், ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் கலந்திருக்கிறார்கள். ஓட்டக்காரர்களை மட்டும் வைத்துச் செய்ததா? இந்தத் தம்பியின் கால் போனது 3-ஐ 8 ஆக்கியதால். அதற்கு எந்த இரும்பும் பரிகாரம் இல்லை.

பாம்பன் மருமகள்:
அதை மறுக்கவில்லை. முதலில் தூரத்தைக் குறைக்க வேண்டும், மணலையும் விட வேண்டும். ஆனால் சும்மா படுத்திருந்தால் நரம்பு தேறாது. 1998-இல் நெடுநாள் குதிநரம்பு வலியோடு இருந்த 15 பேருக்கு 12 வாரம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். படி ஓரத்தில் முன்பாதத்தால் நின்று, வலி இல்லாத காலால் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெல்ல இறங்குவது. முட்டியை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரு வேளையும். ஒரு நாளைக்கு 180! பழகியதும் முதுகில் பையை மாட்டிக் கனம் சேர்த்தார்கள். 15 பேரும் பழையபடி ஓடினார்கள். ஜிம் கட்டணமே இல்லை அண்ணே, வீட்டு வாசற்படி போதும்.

கரைவலை:
வாசற்படி என்றால் எனக்குச் சம்மதம். பையில் மணல் போட்டுக்கொள் தம்பி, நம்மூரில் அதற்கா பஞ்சம்?

உச்சிப்புளிக்காரன்:
இன்று காலை தொடங்கினேன். மூன்றாவது சுற்றில் கால் வெடவெடத்துத் தூணைப் பிடித்துவிட்டேன். "வழியை மறித்துக்கொண்டு என்னடா ஆட்டம்" என்றார் அம்மா. ஓட்டம் இப்போதைக்கு 2 கிலோமீட்டர், தார்ச்சாலையில்.