கேப்ஸ் லாக் விளக்கு தானாக அணைகிறது, உதவுங்கள்

வணக்கம். செங்கோட்டை பக்கம் புளியரையில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரி கொஞ்சம் கூட நிற்கட்டும் என்று உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்பில், மின்சாரம் மிச்சப்படுத்தும் பவர்டாப் என்ற புரோகிராமின் ஆட்டோ டியூனை, லேப்டாப் ஆன் ஆகும்போதே ஓடும்படி வைத்தேன். சும்மா இருக்கும் சாதனங்களை அது தூங்க வைக்கும். அதிலிருந்து யூஎஸ்பி கீபோர்டை இரண்டு நொடி தொடாவிட்டால் விளக்கு அணைகிறது, ஆனால் கேப்ஸ் ஆனிலேயே இருக்கிறது. அப்புறம் அடிக்கும் முதல் எழுத்தும் விழுவதில்லை. நேற்று ஆரியங்காவிலிருந்து வந்த ஒரு பாட்டியின் பாஸ்வேர்டு தவறித் தவறி அவருடைய கணக்கே லாக் ஆகிவிட்டது. மனசே சரியில்லை.

விளக்கை எரியச் சொல்வது கர்னல்தான் (லினக்ஸின் மையப் பகுதி). சஸ்பெண்டில், அதாவது தூங்கும் நிலையில், 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதால் கீபோர்டு அணைத்துவிடுகிறது, அது புரிகிறது. கீபோர்டு தூங்கலாமா என்று சொல்லும் பவர் கண்ட்ரோல் கோப்பில் ‘ஆட்டோ’வை ‘ஆன்’ ஆக்கினால் சரியாகிறது. சாதனம் செருகியதும் அதைத் தானாகச் செய்ய யூடெவ் விதியும் எழுதினேன், ஆனால் பின்னால் ஓடும் பவர்டாப் அதை மாற்றிவிடுகிறது. மற்ற சாதனங்கள் தூங்கட்டும், கீபோர்டை மட்டும் விலக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.