வொல்லொங்காங்கில் அறை: சாவியைக் கூரியரில் அனுப்புவாராம், பணம் கட்டலாமா?

பாளை_மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பில் சேர்கிறேன். விசா வந்துவிட்டது, தங்குமிடம்தான் இழுத்துக்கொண்டே போகிறது. கையில் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, வளாகத்துக்குள்ளேயே உள்ள கூலூபாங் விடுதி. நாமே சமைத்துக்கொள்ளலாம், எனக்கு அது முக்கியம் (சைவம்). ஆனால் வெளியில் ஓர் அறைக்குக் கேட்பதைவிட வாரத்துக்கு ஏறக்குறைய இருமடங்கு. காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன்.

இரண்டாவது, கீராவில் பகுதியில் ஒரு பகிர்வு வீடு. ஃபேஸ்புக்கில் பார்த்தேன். வாரத்துக்கு 240 டாலர், மின்சாரமும் இணையமும் சேர்த்து. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. வீடு விளம்பரம் போட்டவர் பெயரில் வாடகைக்கு எடுத்ததாம், இப்போது வேலைக்காக மெல்போர்ன் போய்விட்டாராம். 4 வார பாண்டும் (காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை) 8 வார வாடகையும், மொத்தம் 2,880 டாலர், முன்னாலேயே வங்கியில் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். இந்த வாரத்துக்குள் போடாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

மூன்றாவது, சிட்னி பெண்டில் ஹில்லில் சித்தப்பா வீடு. "ரயில் இருக்கிறதே, போய் வா" என்கிறார். அம்மாவுக்கு அதுதான் நிம்மதி. வாடகையும் கிடையாது.

எதை எடுக்கலாம்? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

காங்_பழைய_மாணவன்

தம்பி, முதல் வேலையாக அந்த 2,880 டாலரைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நியூ சவுத் வேல்ஸ் மாநில வாடகைச் சட்டப்படி பாண்ட் 4 வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்கூட்டி 2 வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது, இவர் 8 கேட்கிறார். அடுத்தது, பாண்ட் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கக்கூடாது, அரசின் ஃபேர் டிரேடிங் துறையிடம் போக வேண்டும். 'ரென்டல் பாண்ட்ஸ் ஆன்லைன்' என்று ஒரு சேவை இருக்கிறது. அதில் வீட்டுக்காரரோ ஏஜென்ட்டோ உங்கள் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்புவார், நீங்கள் நேரே அரசிடம் கட்டுவீர்கள். "அந்த வழியில் கட்டுகிறேன்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

வெளியூர் போய்விட்டேன், சாவி கூரியரில் வரும், இன்றே பணம் போடு: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

யாழ்_அக்கா

மோசடி பற்றி மேலே சொல்லிவிட்டார், நான் சித்தப்பா வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நான் அந்தப் பக்கம் வென்ட்வொர்த்வில்லில்தான் இருக்கிறேன்.

பெண்டில் ஹில்லிலிருந்து ரெட்ஃபெர்னோ சென்ட்ரலோ வந்து, அங்கிருந்து சவுத் கோஸ்ட் ரயில் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது ரயிலே ஒன்றரை மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணி வகுப்பென்றால் இருட்டிலேயே புறப்பட வேண்டும். வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். பெருமழை பெய்தால் மலைச்சரிவில் மண் சரிந்து பாதை மூடுவதும் உண்டு. போதாக்குறைக்கு, முழுக் கட்டணம் கட்டிப் படிக்கிற வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்த மாநிலத்தில் பயணச் சலுகையும் பொதுவாகக் கிடையாது. வாடகை மிச்சம் என்று அம்மா நினைப்பதில் நல்ல பங்கு ரயிலுக்குப் போய்விடும்.

பகுதிநேர வேலையையும் யோசியுங்கள். மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் இருந்தால் எந்த நேரத்தில் வேலைக்குப் போவீர்கள்?

ஆனால் அந்த வீடு உங்களுக்கு வேறு விதத்தில் பெரிய உதவி. வந்து இரண்டு வாரம் அங்கே தங்கி, அங்கிருந்து வொல்லொங்காங் போய் அறைகளைக் கண்ணால் பாருங்கள். ஏஜென்ட் வீடுகளைத் திறந்து காட்டுவது பெரும்பாலும் சனிக்கிழமைகளில். எத்தனையோ பிள்ளைகள் இந்த இரண்டு வாரத்துக்கு ஹோட்டலில் காசைக் கொட்டுகிறார்கள், உங்களுக்கு அது மிச்சம்.

மலையடிவாரம்

அக்கா சொன்னதுதான் சரி. எங்கே தேடுவது என்று நான் சொல்கிறேன்.

ஊர் கடலுக்கும் இல்லவாரா மலைத்தொடருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. பல்கலைக்கழகம் கீரா மலையின் அடிவாரத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விளம்பரத்தில் அலைச்சறுக்குப் பலகையோடு சிரிக்கிற மாணவர்களைப் பார்த்துவிட்டுக் கடலோரத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கடலுக்குப் போவது எப்போதாவது, வகுப்புக்குப் போவது தினமும்.

குவின்வில்லும் கீராவில்லும் நடந்து போகிற தூரம். குவின்வில்லில் நெடுஞ்சாலையை ஒட்டிய தெருக்களில் இரைச்சல் இருக்கும். கீராவில்லில் ஏற்றம் இருக்கும், அரிசிப் பையோடு ஒருமுறை ஏறினால் தெரியும். ஃபேரி மெடோ, வடக்கு வொல்லொங்காங், நகர மையம் எல்லாம் காங் ஷட்டில் போகிற பாதை. 55ஏ, 55சி என்று எதிரெதிர்த் திசையில் சுற்றிவரும் பஸ்கள், இலவசம். அந்த நிறுத்தத்துக்கு ஐந்து நிமிட நடையில் அறை கிடைத்தால், வளாகத்தை ஒட்டிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. இரவு வேலைக்குப் போவதாக இருந்தால் மட்டும் கடைசி பஸ் எப்போது என்று அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.

பாளை_மாணவன்

எல்லாருக்கும் நன்றி. அரசு வழியில் பாண்ட் கட்டுகிறேன் என்று கேட்டேன். "அது ஏஜென்ட் மூலம் எடுக்கிற வீட்டுக்கு மட்டும், நான் தனி ஆள்" என்றார். வீடியோவில் அறையைக் காட்டச் சொன்னேன், இணையம் சரியில்லை என்கிறார். பிறகு படங்களை கூகுளில் போட்டுத் தேடினேன். அதே சமையலறை ஒரு பழைய வீட்டு விற்பனை விளம்பரத்தில் இருக்கிறது, ஊர் வேறு!

சரி, அது முடிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். உண்மையாகவே வாடகைக்கு எடுத்த ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையை எனக்குக் கொடுத்தால், அந்த பாண்ட் விதி பொருந்தாதா?

காங்_பழைய_மாணவன்

படத்தைத் தேடிப் பார்த்தது நல்ல வேலை. அந்தப் பதிவை ஃபேஸ்புக்கில் புகார் செய்துவிடுங்கள், அடுத்தவர் மாட்டக்கூடாது. ஏஜென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதி ஒன்றுதான் தம்பி.

வாடகை_வாசகன்

ஒன்றுதான் என்று அப்படியே சொல்லிவிட முடியாது. பகிர்வு வீட்டில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பேர் கவனிக்காத இடம் இது.

வீட்டுக்காரரோடு போட்ட முதன்மை வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருந்தால் நீங்கள் சக வாடகைதாரர், முழுப் பாதுகாப்பு உண்டு. முதன்மை வாடகைதாரர் உங்களோடு எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டால் நீங்கள் துணை வாடகைதாரர். அப்போது அவர்தான் உங்களுக்கு வீட்டுக்காரர், 4 வாரம், 2 வாரம் என்கிற வரம்புகள் அவரையும் கட்டும், பாண்டை வாங்கினால் 10 வேலை நாளுக்குள் ஃபேர் டிரேடிங்கில் போட்டாக வேண்டும். எழுத்தில் எதுவுமே இல்லாமல் "வாங்க, தங்குங்க" என்று அறையைக் கொடுத்தால், நீங்கள் அநேகமாக வெறும் தங்குபவர். வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. கொடுத்த பாண்ட் அவர் மனசைப் பொறுத்துத் திரும்பி வரும்.

நம் பிள்ளைகளில் பலர் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறார்கள், அதுவும் நம் ஆட்களின் வீடுகளிலேயே. "நமக்குள்ள எதுக்கு எழுத்து?" என்பார்கள். எழுத்து வேண்டும் என்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தகராறு வந்தால் இல்லவாரா சட்ட மையத்தில் வாடகைதாரர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

மலையடிவாரம்

அறை பார்க்கப் போகும்போது இன்னொரு விஷயம். நம் ஊரில் தெற்கு பார்த்த அறை என்றால் காற்று வரும் என்று சந்தோஷப்படுவோம். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, தெற்கு பார்த்த அறைக்குக் குளிர்காலத்தில் வெயிலே எட்டாது. கடல் ஈரமும் சேர்ந்தால் சுவரில் பூஞ்சை பூக்கும். மேற்கே மலை இருப்பதால் அடிவாரத்தில் சாயங்கால வெயிலும் சீக்கிரம் மறைந்துவிடும். பிப்ரவரியில் வெயில் காலத்தில் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள், கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள், ஜன்னல் திறக்கிறதா பாருங்கள். பழைய வீடுகளில் ஹீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஜூன் மாதம் பனி கொட்டாது, ஆனால் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட வைக்கும்.

தாளிப்புக்காரி

எல்லாரும் பகிர்வு வீடு என்கிறீர்கள், நான் விடுதிக் கட்சி. முதல் அரையாண்டு மட்டுமாவது. வீட்டுவேலை யார் செய்வது, கழிப்பறைக் காகிதம் யார் வாங்குவது என்கிற சண்டை இல்லாமல் படிக்கலாம், மற்ற ஊர்ப் பிள்ளைகளோடு பழகலாம். ஊர் சின்னது, வியாழக்கிழமை தவிரக் கடைகள் மாலையிலேயே மூடிவிடும். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருந்தால் கஷ்டம்.

கையெழுத்துப் போடும் முன் இரண்டைப் பாருங்கள். நடுவில் காலி செய்தால் என்ன கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள், விடுதி ஒப்பந்தம் சாதாரண வாடகை ஒப்பந்தம் மாதிரி இருக்காது. அப்புறம் புகை அலாரம். கட்டட அலாரம் நேரே தீயணைப்புத் துறைக்குப் போகிற விடுதிகளில், மிளகாய் வற்றல் தாளித்து வண்டி வந்துவிட்டால் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டும், அதை உங்கள் தலையில் கட்டலாம். மின்விசிறியைப் போட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் கடுகைப் போட வேண்டும்.

பாளை_மாணவன்

முடிவு செய்துவிட்டேன். கூலூபாங் பட்டியலில் பெயர் இருக்கட்டும். பிப்ரவரி தொடக்கத்திலேயே வந்து சித்தப்பா வீட்டில் தங்கி, ஷட்டில் பாதையில் அறை தேடுகிறேன். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் இல்லை. இந்தத் திட்டத்துக்கு அம்மாவும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் உண்டா என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

யாழ்_அக்கா

ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் சிட்னிக்கும் வொல்லொங்காங்குக்கும் இடையில்தான், அதே ரயில் பாதையில். வார இறுதியில் கேன்டீனில் தோசை கிடைக்கும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

அறை கிடைத்ததும் 'கண்டிஷன் ரிப்போர்ட்' (குடிபோகும்போது அறை எந்த நிலையில் இருந்தது என்று குறிக்கும் படிவம்) தருவார்கள். அதை நிரப்பித் திருப்பிக் கொடுக்க 7 நாள் உண்டு. சுவரில் இருக்கிற ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் படம் எடுத்து அதில் எழுதிவிடுங்கள், போகும்போது பாண்டில் கழிப்பது அதை வைத்துத்தான். விமானத்தில் வரும்போது மசாலாப் பொடிகளைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் கொண்டு வராதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். என் வீட்டுத் தோட்டத்தில் மரம் நிற்கிறது, வந்து பறித்துக்கொள்ளலாம்.