எல்.ஓ.டி-ஆர் 7, பி.ஹெச்.க்யூ-9 15: சுபாவமா, மனச்சோர்வா?

நிழல்மரம்:
வணக்கம். கல்லூரி ஆலோசனை மையத்தில் இரண்டு படிவங்களையும் சேர்த்தே கொடுக்கிறோம்: நல்லதை எதிர்பார்க்கும் குணத்துக்கு எல்.ஓ.டி-ஆர், மனச்சோர்வுக்கு பி.ஹெச்.க்யூ-9. ஒரு மாணவருக்கு முதலாவதில் 7, இரண்டாவதில் 15 வந்தால் எப்படிப் படிப்பது? "சுபாவத்திலேயே நம்பிக்கை குறைவு, அதனால் சோர்வு" என்று குறிப்பில் எழுதலாமா? பாசிட்டிவ் திங்கிங் வகுப்புக்கு அனுப்புவது சரியா?

அளவுகோல்:
அந்த 7 உண்மையிலேயே 7தானா என்று முதலில் பாருங்கள். எல்.ஓ.டி-ஆரின் 10 வாக்கியங்களில் 6க்குத்தான் மதிப்பெண், ஒவ்வொன்றுக்கும் 0 (உடன்படவே இல்லை) முதல் 4 (முழுக்க உடன்படுகிறேன்) வரை. 2, 5, 6, 8-ஆம் வாக்கியங்கள் ஒப்புக்குச் சப்பாணி, கூட்டவே கூடாது. 3, 7, 9 எதிர்மறை வாக்கியங்கள். 0-ஐ 4 ஆக, 1-ஐ 3 ஆகத் திருப்பிய பிறகே 1, 4, 10-உடன் சேர்க்க வேண்டும். உச்சம் 24. இதற்குக் கீழே வந்தால் பிரச்சினை என்று சொல்லும் வெட்டுப்புள்ளி எதுவும் கிடையாது.

தமிழாக்கத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. 7, 9 இரண்டிலும் "அரிதாகவே எதிர்பார்க்கிறேன்" என்பது போல வரும். அதற்கு "உடன்படவில்லை" என்று டிக் போடுவதற்குள் தலை சுற்றிவிடும். 1, 4, 10-க்கு நடுவாக 2 போட்டவர், மற்ற மூன்றையும் குழம்பிப்போய் மாற்றிப் போட்டாலே கூட்டுத்தொகை 7 பக்கம் வந்து நிற்கும். அந்த வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டி மறுபடி கேளுங்கள்.

படிக்கட்டு:
கணக்கு சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் "சுபாவம்" என்று எழுதாதீர்கள். பி.ஹெச்.க்யூ கேட்பது கடந்த இரண்டு வாரத்தை. அதில் 15 என்பது லேசான விஷயம் இல்லை. தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்குச் சொன்ன மூன்று இருண்ட பார்வைகளில் கடைசியைத்தான் எல்.ஓ.டி-ஆரும் தொடுகிறது. அதாவது நோயின் ஒரு துண்டையே நோய்க்குக் காரணமாக எழுதிவிடுவீர்கள். பி.ஹெச்.க்யூ 5-க்குக் கீழே இறங்கிய பிறகு திரும்பக் கொடுங்கள். அப்போதும் 7, 8-இலேயே நின்றால் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம்.

சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. சின்ன விஷயத்துக்கும் மனம் கலங்கும் நியூராட்டிசிசம் என்ற குணம், நம்பிக்கைக் குறைவு, மனச்சோர்வு இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. புள்ளிவிவரக் கணக்கில் அதன் பங்கைக் கழித்துவிட்டால் எல்.ஓ.டி-ஆருக்கு முந்தைய பழைய எல்.ஓ.டி-க்கும் அறிகுறிகளுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்று 1989-இல் டிமோதி ஸ்மித் குழுவினர் காட்டினார்கள். ஷையர், கார்வர், பிரிட்ஜஸ் 1994-இல் கொண்டுவந்த திருத்திய வடிவான எல்.ஓ.டி-ஆரில், அதே கழித்தலுக்குப் பிறகும் மனச்சோர்வுடன் தொடர்பு மெலிந்ததே தவிர அறுந்துபோகவில்லை.

மழைக்காகம்:
பாசிட்டிவ் திங்கிங் வகுப்பு வேண்டாம். 2009-இல் ஜோன் வுட் குழுவினர் "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, சுயமதிப்பு குறைந்தவர்களுக்கு மனநிலை இன்னும் மோசமானது. வாய் ஒன்று சொல்ல, மனம் "யார் சொன்னது?" என்று எதிர்ச்சாட்சி தேட ஆரம்பித்துவிடும்.

அதற்குப் பதில் அரியர் விழுந்ததைப் பற்றிக் கேளுங்கள். "என் மண்டையில் எதுவும் ஏறாது" என்றால் காரணம் தன்னிடம், எப்போதும், எல்லாவற்றிலும். ஏப்ராம்சன், செலிக்மன், டீஸ்டேல் 1978-இல் பிரித்துக் காட்டிய மூன்று முனைகள் இவை. "தெர்மோடைனமிக்ஸில் மூன்றாவது யூனிட்டைத் தொடவே இல்லை" என்பது வரை கொண்டுவந்தால் போதும். பழியை வாத்தியார் தலையில் கட்டச் சொல்லவில்லை. காரணத்தை அதன் அளவுக்குச் சுருக்கச் சொல்கிறேன்.

கூடவே ஒரு வாரத்துக்கு மணிவாரியாக என்ன செய்தார் என்று எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சந்தோஷம், செய்து முடித்த நிறைவு இரண்டுக்கும் 0 முதல் 10 வரை போடச் சொல்லுங்கள். மறுவாரம் ஒரே ஒரு வேலை: மாலை 5.30, ஹாஸ்டல் மைதானம், 10 நிமிட நடை. மனசு வந்தால் போகலாம் என்று விட்டால் நடக்காது. மனசு பின்னால்தான் வரும். "தினமும் ஒரு மணிநேரம் ஜிம்" என்று தொடங்கினால் மூன்றாம் நாள் நின்றுவிடும், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பதற்குப் புதிதாக ஒரு சாட்சியும் கிடைத்துவிடும். 15 என்பதால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

நிழல்மரம்:
நன்றி. எப்போதும் கெட்டதையே நினைத்துக்கொண்டு, வேலையை மட்டும் பிசகில்லாமல் முடிப்பவர்கள்?

அளவுகோல்:
அது வேறு ரகம். ஜூலி நோரெம், நான்சி கேன்டர் 1986-இல் எழுதிய தற்காப்பு அவநம்பிக்கை. "ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டால்?" என்று பயந்து முதல் நாளே பையில் வைத்துவிடுவார். அவரிடம் "உனக்கு எல்லாம் நல்லா நடக்கும்" என்று தைரியம் சொன்னால் செயல்திறன் குறைகிறது என்றுதான் வந்தது. கவலை வேலையில் போய் முடிகிறதா, படுக்கையிலா என்று பாருங்கள்.

படிக்கட்டு:
முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. பி.ஹெச்.க்யூ-வின் 9-ஆவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்பது. அதற்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் வெறும் 4 ஆனாலும், அன்றைக்கே நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியாக அனுப்பாதீர்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணிநேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.