ஏற்காடு அத்தையின் காபித்தூள் லேபிள்: குடும்பக் குழுவில்

ஏற்காடு அத்தை: எல்லாருக்கும் வணக்கம். இந்த வருடக் கொட்டையை அரைக்கக் கொடுத்தாயிற்று. கால் கிலோ பாக்கெட்டுக்கு லேபிள் வேண்டும். கார்த்தி செய்து கொடுத்தது இது. பார்த்துச் சொல்லுங்கள்.

ஏற்காடு அத்தை: [படம்]

அம்மா: நன்றாக இருக்கிறது அண்ணி. பனி மூடின மலை, ஆவி பறக்கிற கோப்பை, எல்லாம் வந்திருக்கிறது.

கார்த்தி: ஏஐயில் போட்டேன். மோக்கா பிரவுன் இப்போது எங்கும் ஓடுகிறது. நிறங்களுக்குத் தரம் வகுக்கிற பான்டோன் நிறுவனம் 2025க்கு அறிவித்த நிறமே மோக்கா மூஸ்தான்.

யாழினி: உழைத்திருக்கிறாய் கார்த்தி. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார். 'ஏற்காடு' என்பதில் ற்-க்குப் புள்ளி இல்லை, டு-வில் ஒரு கோடு கூடுதலாக இருக்கிறது. ஏஐ எழுத்தையும் படமாகத்தான் வரைகிறது, தமிழில் அடிக்கடி சறுக்கும். படத்துக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள், எழுத்தை நாம் தனியாகத் தட்டச்சு செய்வோம். அப்புறம் அந்த மலை மூணாறாகவும் இருக்கலாம், கொடைக்கானலாகவும் இருக்கலாம். ஏற்காடு என்று சொல்ல அதில் எதுவுமே இல்லை.

பெரியப்பா: பார்கோடும் பிரவுனில் இருக்கிறது. கடையில் ஸ்கேன் ஆகாமல் போகலாம்.

கார்த்தி: ஏன் அப்பா?

பெரியப்பா: கடைகளில் பல ஸ்கேனர்களில் எரிவது சிவப்பு வெளிச்சம். சிவப்பு மை அந்த வெளிச்சத்தில் வெள்ளை மாதிரித்தான் தெரியும். பிரவுனிலும் சிவப்பு கலந்திருக்கிறது. வெள்ளை மேல் கறுப்புக் கோடு போடு, வம்பே இல்லை. சின்ன எழுத்தையும் கறுப்பிலேயே வை. பிரவுன் என்றால் மைக்கு ஒன்றாக மூன்று நான்கு அச்சுப் பிளேட் சேர்ந்து வர வேண்டும். ரெஜிஸ்டர், அதாவது அவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி தள்ளினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும்.

ஏற்காடு அத்தை: அப்படியானால் பிரவுனே வேண்டாமா அண்ணா?

யாழினி: நான் பதில் சொல்கிறேன் அத்தை. கடை அலமாரியில் காபி என்றாலே பிரவுன். அதற்குள் நாமும் போய் நின்றால் யார் கண்ணில் படுவோம்? உங்கள் தோட்டத்தைப் பாருங்கள். சில்வர் ஓக் மரம், அதில் ஏறின மிளகுக்கொடி, கீழே காபிச்செடி. பழத்தின் சிவப்பு, கோடை மழை விழுந்ததும் பூக்கிற வெள்ளை, சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கத்து வெள்ளி. இத்தனை நிறம் கையில் இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை. காலை வெயிலில் நான்கைந்து படம் எடுத்து அனுப்புங்கள். அடோபி கலர் தளத்தில் படத்தைப் போட்டால் அதிலிருந்தே நிறங்களைப் பிரித்துக் கொடுக்கும்.

கார்த்தி: பிஹான்ஸ், பின்டரெஸ்ட் மாதிரி டிசைன் தளங்களை எல்லாம் பார்க்க வேண்டாமா அக்கா?

யாழினி: பார். நானும் தினமும் பார்க்கிறேன். எங்கே இடம் விட்டிருக்கிறார்கள், எதைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்று படிக்க நல்ல இடம். உருவத்தையும் நிறத்தையும் மட்டும் அங்கிருந்து எடுக்காதே.

கார்த்தி: சரி. எழுத்துரு? அப்பா கணினியில் பாமினி இருக்கிறது.

யாழினி: பாமினி வேண்டாம். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒன்றுமே படிக்க முடியாது. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசே 2010இல் தரமாக அறிவித்துவிட்டது. அப்பாவின் பழைய கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

யாழினி: கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு நல்லவை இருக்கின்றன. விற்கிற பொருளுக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம். முக்த மலர், கட்டமரான், பலூ தம்பி எல்லாம் அங்கே உண்டு. இந்த லேபிளுக்கு என் தேர்வு அனெக் தமிழ். எக் டைப் நிறுவனம் செய்தது. தடிமனையும் அகலத்தையும் நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம். நம் சொற்கள் நீளம். 'காபித்தூள்' என்பதைக் கையளவு பாக்கெட்டில் பெரிதாக வைக்க வேண்டுமென்றால் எழுத்தை ஒடுக்கத்தான் வேண்டும். சாதாரண எழுத்துருவை இழுத்து ஒடுக்கினால் நிற்கிற கோடு மட்டும் மெலிந்து அசிங்கமாகிவிடும். இதில் ஒடுக்கமும் முறையாக வரையப்பட்டிருக்கிறது. இன்னொன்று, வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடு. மேலே இகர வளைவும் கீழே உகரக் காலும் முட்டக் கூடாது.

பெரியப்பா: எல்லாம் சரி கண்ணு. நம் பிரஸ்ஸில் இருப்பது பழைய கோரல்டிரா மென்பொருள். யூனிகோடு போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகிறது.

யாழினி: தெரியும் பெரியப்பா. எழுத்தை எல்லாம் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம், ஆக்கிப் பிடிஎஃப்பாகத் தருகிறேன், எந்த வெர்ஷனிலும் கலையாது. கார்த்தி, எந்த மென்பொருள் எடுத்தாலும் முதலில் 'கொ', 'யோ' அடித்துப் பார். இல்லஸ்ட்ரேட்டரில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு இடத்தில் நிற்கும். படிக்கிற வயதில் பணம் கட்ட வேண்டாம் என்றால் இங்க்ஸ்கேப் போதும். இலவசம், தமிழும் ஒழுங்காக வருகிறது. கேன்வா கல்யாண வாழ்த்துக்குச் சரி, அச்சு வேலைக்கு நான் இங்க்ஸ்கேப்பைத்தான் சொல்வேன்.

பெரியப்பா: சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டுக்கு வெளியே நிறம் நீளுகிற ஓரம், விட்டுக் கொடு. படம் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. செல்போனில் ஜொலிக்கிற அந்தச் சிவப்பு, அச்சின் நான்கு மையான சிஎம்ஒய்கேயில் கொஞ்சம் அடங்கித்தான் வரும், பிறகு வருத்தப்படக் கூடாது.

கார்த்தி: 'பாரம்பரியம், 1820 முதல்' என்று ஒரு வரி போடலாமா? பழைய தோற்றமும் இப்போது டிரெண்டு.

யாழினி: வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபி கொண்டுவந்தார் என்பது வரலாறு. அது மலைக்கு உரியது. அத்தை தோட்டத்தின் வயதை வாங்குகிறவர்களிடம் கூட்டிச் சொல்லக் கூடாது.

அம்மா: சரியாகச் சொன்னாய்.

பெரியப்பா: அப்புறம், சட்டப்படி இருக்க வேண்டியவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கு. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி. இந்த விவரங்களைத் தமிழில் மட்டும் போட்டால் போதாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தே ஆக வேண்டும். சிக்கரி கலந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அந்தக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

ஏற்காடு அத்தை: சிக்கரி ஒரு துளிகூட இல்லை அண்ணா. அதைப் பெரிதாகப் போடு யாழினி.

யாழினி: பேருக்கு அடுத்தபடி அதுதான் அத்தை. உரிம எண்ணை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

பெரியப்பா: ஞாயிறு பிரஸ் லீவு. திங்கட்கிழமை ஒரு தாள் ப்ரூஃப் ஓட்டித் தருகிறேன்.