பாம்பு முட்டைக்குள் கருவைப் பார்க்கலாம், முட்டையைத் திருப்பலாமா?

புற்றுமண்:
பாம்பு முட்டைக்குள் கரு வளர்வதை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம் என்று ஒருவர் காணொளி வெளியிட்டிருக்கிறார்; அதைப் பலரும் வியந்து பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். நாள்தோறும் முட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து விளக்கின் முன் உருட்டிக் காட்டும் அவர், கோழி முட்டையைத் திருப்பி வைப்பதுபோல் இதையும் திருப்பி வைத்தால்தான் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாது என்று அறிவுரையும் வழங்குகிறார். இவ்வளவு தவறான ஒன்றை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

கோழி முட்டையில் மஞ்சள்கருவை நடுவில் தாங்கிப் பிடிக்கும் முறுக்கிழைகள் வெள்ளைக்கருவுக்குள் இருக்கின்றன. பாம்பு முட்டையில் அவை இல்லை. வெள்ளைக்கருவே மிகக் குறைவு. முட்டை இட்ட சிறிது நேரத்தில் கருவின் சவ்வுகள் ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டத் தொடங்கும். அதன்பின் கவிழ்த்தால் மஞ்சள்கருவின் எடை முழுவதும் கருவின் மேல் இறங்கும். முட்டையை எடுத்தவுடன் மேற்புறத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, கடைசி வரை அந்தப் புள்ளி மேலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ளும் வழக்கம் பாம்பு வளர்ப்போரிடம் இதனால்தான் இருக்கிறது. முதல் நாளுக்குப் பிறகு திருப்பினால் கரு சாகும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

செதில்:
விவாதிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே விவாதத்தைத் தொடங்கும் துணிவைப் பாராட்டுகிறேன். காணொளிக்காரருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது ஆமைக்கும் முதலைக்கும் பொருந்தும் செய்தி; அதை அப்படியே பாம்பின் தலையில் கட்டுகிறீர்கள். ஆமை முட்டையிடும்போது கரு மிகத் தொடக்க நிலையில்தான் இருக்கும். பாம்போ, கரு வளர்ச்சியின் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வயிற்றுக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் முட்டையிடுகிறது. இட்ட அன்றே உள்ளே துடிக்கும் இதயமும் இரத்த நாளங்களும் இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

மேலும் நாட்ரிக்ஸ் மௌரா என்னும் ஐரோப்பிய நீர்ப்பாம்பின் முட்டைகளை அடைகாப்புக் காலத்தில் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்து, பொரிக்கும் அளவு குறையவில்லை என்று 2015இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. பென்சில் புள்ளியை வேதமாக்கியவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

புற்றுமண்:
படித்திருக்கிறேன், ஐயா. படித்ததனால்தான் அது ஒரே ஓர் இனத்தில் செய்யப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். நீர்ப்பாம்பின் சிறு முட்டையும் மலைப்பாம்பின் பெரிய முட்டையும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிகின்றனவா? மஞ்சள்கரு பெரிதாகப் பெரிதாக அதன் எடையும் கூடும் என்பதைப் புரிந்துகொள்ள ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. மறுபடியும் சொல்கிறேன்: முதல் நாளுக்குப் பிறகு திருப்பினால் கரு சாகும்.

வெப்பமானி:
இருவரிடமும் ஒரு சிறு விளக்கம் கேட்கிறேன். திருப்புவது என்று எதைச் சொல்கிறீர்கள்? மேற்புறம் மேலேயே இருக்க, முட்டையை இருந்த இடத்தில் பக்கவாட்டில் சுற்றுவதையா, தலைகீழாகக் கவிழ்ப்பதையா? தவறுதலாக ஒருமுறை புரண்டு உடனே சரிசெய்யப்பட்ட முட்டையையும், நாள் கணக்கில் கவிழ்ந்தே கிடந்த முட்டையையும் ஒன்றாகவே எண்ணுகிறீர்களா? இதைச் சொல்லாமல் சாகும், சாகாது என்று மோதிக்கொள்வதில் பயனில்லை.

முட்டையைத் தொடாமலே பார்க்க முடியும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகளில்) பாதி புதைந்திருக்கும் முட்டையை அப்படியே விட்டுவிட்டு, அறையை இருட்டாக்கி, சூடேறாத சிறிய எல்இடி விளக்கின் முனையை ஓட்டின் பக்கவாட்டில் மெல்ல ஒற்றினால் முட்டை முழுவதும் உள்ளிருந்து ஒளிரும். சில நொடிகள் போதும். கையுறை அணிவதோ, பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவுவதோ கட்டாயம். ஊர்வனவற்றிடம் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

செதில்:
முட்டை பெரிதானால் திருப்புவது கொல்லும் என்பதற்கு நீங்கள் காட்டும் சான்று உங்கள் ஊகம் மட்டுமே. நான் சோதனையைக் காட்டுகிறேன், நீங்கள் எடையைக் காட்டுகிறீர்கள். பாம்புக் கருவின் வளர்ச்சி நிலைகளைப் பற்றி இவ்வளவு அதிகாரமாகப் பேசுபவர், 1962இல் ஸீர் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட நிலை அட்டவணையையாவது ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். அதில் 37 நிலைகள் வரிசையாகக் கொடுக்கப்பட்டுள்ளன.

புற்றுமண்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். ஸீர் அட்டவணை போட்டது கார்ட்டர் பாம்புக்கு. அந்தப் பாம்பு முட்டையே இடாது, குட்டி போடும்! முட்டையைத் திருப்பலாமா என்னும் பேச்சில் முட்டையிடாத பாம்பைச் சாட்சிக்கு அழைத்து வந்த பெருமை உங்களையே சேரும். ஆமையைப் பாம்பின் தலையில் கட்டுவதாக என்னைக் குற்றம் சாட்டியவர் இப்போது குட்டி போடும் பாம்பை முட்டைக்குள் அடைக்கிறார்.

செதில்:
கரு எங்கே வளர்ந்தாலும் உடல் உருவாகும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால்தான் முட்டையிடும் பாம்புகளை ஆய்வோரும் அந்த அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள். முட்டையிடும் பாம்புதான் வேண்டுமென்றால், ஒற்றைக்கண் நாகத்துக்கு 2002இலும் ஆப்பிரிக்க வீட்டுப் பாம்புக்கு 2012இலும் வெளியான விவரிப்புகள் இருக்கின்றன. அவையும் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முட்டையைப் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதுவதுதானே? முன்பு ஒரு நண்பர் குழி விழுந்த முட்டையின் படத்தைப் போட்டபோது, கூமுட்டை, தூக்கி எறியுங்கள் என்று உடனே எழுதியவர் நீங்கள்தான். ஈரம் கூட்டியபின் அந்த முட்டை உப்பி, உரிய காலத்தில் குட்டியும் வந்ததை அவர் இங்கேயே பதிவிட்டார். அதற்கு உங்களிடமிருந்து இன்றுவரை ஒரு சொல் வரவில்லை.

புற்றுமண்:
அந்தப் படத்தில் இரத்த நாளமே தெரியவில்லை. விளக்கைக் காட்டாமல் எடுத்த படத்துக்கு விளக்கம் சொல்ல நான் சோதிடர் அல்லன். பேச்சை மாற்றாதீர்கள். முதல் நாளுக்குப் பிறகு திருப்பினால் கரு சாகும் என்பதற்கு மறுப்பாக ஒரேயொரு நீர்ப்பாம்பைத் தவிர வேறெதுவும் உங்களிடம் இல்லை. சோளப்பாம்பு முட்டை ஏறக்குறைய 28 பாகை செல்சியசில் பொரிக்க இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் நாள்தோறும் திருப்பிக்கொண்டிருங்கள், பார்க்கலாம்.

இரவுவிளக்கு:
சண்டையை நடுவில் நிறுத்தியதற்கு மன்னிக்கவும். வெப்பமானி சொன்ன முறையில் விளக்கை வைத்துப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். தொடக்கத்தில் முட்டையின் உட்புறம் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது; ஓட்டின் அடியில் மெல்லிய சிவப்பு நாளங்கள் ஓரிடத்திலிருந்து கிளைபிரிந்து பரவியிருப்பது தெரிகிறது. அவை சேரும் இடத்தில் ஒரு கருமையான வளைவு. உற்றுப் பார்த்தால் அதன் அருகே ஏதோ ஒன்று சீராகத் துடிக்கிறது. கருவுறாத முட்டை நாளமே இல்லாமல் வெறும் மஞ்சளாகத் தெரியும். வாரங்கள் செல்லச் செல்ல அந்த வளைவு சுருளாகி, விளக்கு பட்டவுடன் சில சமயம் மெல்ல நகர்ந்துகொள்கிறது. கடைசியில் முட்டை முழுவதும் இருண்டுவிடுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது, அது சாவின் அறிகுறியும் அன்று. நான் எந்த முட்டையையும் திருப்பவில்லை.

செதில்:
திருப்பவில்லை என்றால் திருப்புவதால் சாகுமா என்பதைப் பற்றி உங்கள் அனுபவம் எதையும் சொல்லாது. அழகான வருணனைக்கு நன்றி.

புற்றுமண்:
திருப்பாததால்தான் அவர் கருக்கள் உயிரோடு இருந்தன. என் கருத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் இரவுவிளக்கு அவர்கள் விளக்கின் சூட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. குண்டு பல்பை ஓட்டருகே பிடிப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அளவுக்கு மீறிய வெப்பம் கருவைக் கொல்லும். கொல்லாமல் விட்டால் முதுகெலும்பு வளைந்த குட்டி வரும்.

இரவுவிளக்கு:
சூடேறாத எல்இடி என்று வெப்பமானி மேலே தெளிவாகவே எழுதியிருக்கிறார். தாங்கள் தங்கள் பதிவுகளைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை போலும்.

வெப்பமானி:
என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. சுற்றுவதா, கவிழ்ப்பதா?

கண்ணாடிமூடி:
கோழிக் கருவை ஆராய்வோர் ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, ஒளி புகும் நாடாவால் மூடி, நாள்தோறும் உள்ளே பார்ப்பார்கள். திருப்புவதா வேண்டாமா என்னும் சண்டையே இல்லாமல், பாம்பு முட்டையிலும் அப்படி ஒரு சாளரம் வைத்துவிட்டால் என்ன?

புற்றுமண்:
வைக்கலாம், கருவை வழியனுப்ப விரும்பினால். கோழி முட்டையில் ஓடு விறைப்பானது, உள்ளே காற்றறை உண்டு, வெள்ளைக்கருவில் சிறிதை உறிஞ்சி எடுத்தால் கரு ஓட்டைவிட்டுக் கீழிறங்கி இடம் கொடுக்கும். பாம்பு முட்டையின் ஓடு தோல்போல் மெலிதானது. உள்ளே நாளங்கள் நிறைந்த சவ்வு ஓட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கத்தி பட்டால் முதலில் வருவது இரத்தம், அடுத்து வருவது பூஞ்சை. முட்டையைத் திருப்பலாம் என்று இங்கே சிலர் கிளப்பிவிட்ட துணிச்சலின் அடுத்த படி இதுதான்.

செதில்:
சாளரத்துக்கும் எனக்கும் என்ன தொடர்பு? அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் ஒட்டிக் கிடக்கும் சவ்வைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள், மலைப்பாம்பு முட்டைகளில் ஒரு குட்டி மூக்கை நீட்டியவுடன் மற்ற முட்டைகளையெல்லாம் கத்தரிக்கோலால் கீறித் திறப்பதை ஆதரித்து முன்பு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். குட்டிக்கு முட்டைப் பல் எதற்காக இருக்கிறது? ஓட்டைக் கிழித்தபின்னும் ஒன்றிரண்டு நாள் உள்ளேயே இருந்து, எஞ்சிய மஞ்சள்கருவை உறிஞ்சிக்கொண்ட பிறகு அது தானாக வெளியே வரும். அங்கே வராத இரத்தம், முட்டையைத் திருப்பினால் மட்டும் வந்துவிடுமோ?

புற்றுமண்:
வளர்ச்சி முடிந்த குட்டிக்கு வழி திறப்பதும், பாதி வளர்ந்த கருவின் நாளத்தில் கத்தி வைப்பதும் ஒன்று என்று வாதிடுபவரிடம் என்ன பேசுவது? நான் கீறச் சொன்னது முதல் குட்டி தலை நீட்டிய பிறகு. அதுவும் நாளம் ஓடாத மேற்புறத்தில், சிறு கீறலாக. பழைய பதிவைப் பாதி மட்டும் எடுத்து வந்து காட்டுவது உங்களுக்குப் புதிதன்று. நீர்ப்பாம்பு ஆய்வையும் அப்படித்தான் எடுத்து வந்தீர்கள்.

செதில்:
அந்த ஆய்வின் எந்தப் பாதியை நான் மறைத்தேன் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன். கூடவே, மேற்புறத்தில் நாளம் ஓடாத இடம் எது என்பதை ஓட்டுக்கு வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

புற்றுமண்:
விளக்கை வைத்துப் பார்த்துத்தான். முட்டையைத் திருப்பாமல்.